பன்னீர் திராட்சையின் தீவுப் பூர்வீகம்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியின் தள்ளுவண்டிகளிலும், தி.நகர் ரங்கநாதன் தெரு முனையிலும், அடையாற்றின் பழக்கடைகளிலும் இரண்டு வகைக் கறுப்புத் திராட்சை விற்கும். ஒன்று நீளவாக்கில் கெட்டியாக இருக்கும், விதை கிடையாது, அட்டைப் பெட்டியில் மகாராஷ்டிரத்திலிருந்து வரும், விலையும் கூடுதல். இன்னொன்று உருண்டையாக, விதையோடு இருக்கும். கம்பத்தில் லாரி ஏறி, ராத்திரியோடு ராத்திரியாகக் கோயம்பேட்டில் இறங்கி, விடிவதற்குள் வண்டிக்கு வந்துவிடும். அதுதான் பன்னீர் திராட்சை. ஜூஸ் கடைக்காரர்கள் தேடி வாங்குவது இதைத்தான். தோல் மெல்லியது, சாறு அதிகம். ஒரு பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் கருநீலத்தின் மேல் மாவு தூவியதுபோல் ஒரு வெண்பூச்சு படிந்திருக்கும். கட்டைவிரல் பட்ட இடத்தில் அது அழிந்து பளபளக்கும். கொத்தின் நடுவில் ஒன்றிரண்டு பழம் சிவந்தே நின்றுவிட்டிருக்கும். வாயில் போட்டால் இனிப்புக்கு முன்னால் மணம் வரும்.

விலை குறைவு என்பதால் இதை மட்டமான பழம் என்றே நகரம் எண்ணிப் பழகிவிட்டது. பழ நூல்கள் இதை மஸ்கட் ஹாம்பர்க் என்ற பெயரில் அறியும். தமிழ்நாட்டுக்கு வடக்கே இதற்குக் குலாபி என்று பெயர். சீனர்கள் வைத்த பெயரும் ரோஜா மணத்தைக் குறிப்பதே. ஒருவரை ஒருவர் கேட்காமலே எல்லோருடைய மூக்கும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறது. ரோஜா இதழில் இருக்கும் ஜெரானியால் என்ற மணப்பொருள் இந்தப் பழத்திலும் இருப்பதுதான் காரணம். லினலூல், நெரோல் போன்ற அதன் உறவுப் பொருள்களும் உடன் இருக்கின்றன.

மத்தியதரைக் கடலின் சின்னத் தீவுகளில் உள்ளூர்த் திராட்சையைக் கொண்டு ஒயின் செய்கிறவர்கள் தங்கள் பழத்தின் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து, அதற்கேற்ற ஒயினைக் கண்டடைந்திருக்கிறார்கள். அந்தக் கவனத்தைத் தமிழ்நாடு பன்னீருக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும், இனிக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று யோசிக்கக் காரணம் இருக்கிறது. பன்னீருக்கும் அந்தத் தீவுகளுக்கும் வம்ச உறவே உண்டு.

இத்தாலியின் கொனேலியானோ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த மன்னா கிரெஸ்பான் மஸ்கட் ஹாம்பர்க்கின் பெற்றோரை மரபணுச் சோதனையால் உறுதிசெய்து 2003-இல் வெளியிட்டார். ஒரு பக்கம் ஸ்கியாவா குரோஸா. இங்கிலாந்தில் இதை பிளாக் ஹாம்பர்க் என்பார்கள். லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தில் 1760-களின் இறுதியில் நட்டு இன்றும் காய்த்துக்கொண்டிருக்கும் புகழ்பெற்ற பெருங்கொடி இந்த இனம்தான். மறுபக்கம் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா. இது சின்ன மணி கொண்ட வெள்ளை மஸ்கட்டுக்கும், கிரேக்கத் தீவுகள், சார்டீனியா, மால்டா ஆகிய இடங்களில் வெவ்வேறு பெயர்களில் வளர்ந்துவந்த ஒரு பழைய கறுப்புத் திராட்சைக்கும் பிறந்தது. ஆக, மாட வீதியில் விற்கும் பன்னீரின் பாட்டன் பாட்டியில் ஒருவர் தீவுக்காரர்.

அந்த அலெக்சாண்டிரியா மஸ்கட்டை இன்றும் உயிராக வைத்திருப்பது சிசிலிக்கும் துனீசியாவுக்கும் நடுவே இருக்கும் பந்தெல்லேரியா தீவு. பரப்பு 83 சதுர கிலோமீட்டர். காற்று ஓயாமல் அடிக்கும், நல்ல தண்ணீர் அரிது. அங்கே கொடியைப் பந்தலில் ஏற்றுவதில்லை. தரையில் குழி பறித்து, குழிக்குள் குட்டைப் புதராக வளர்க்கிறார்கள். காற்று தலைக்கு மேலே போய்விடும், பனி குழியில் தங்கும். இந்த வளர்ப்பு முறையை யுனெஸ்கோ 2014-இல் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பழத்தை வெயிலில் உலர்த்தி, உலர்ந்த பழத்தைப் புளித்துக்கொண்டிருக்கும் சாற்றில் சேர்த்து அவர்கள் செய்யும் பஸ்ஸித்தோ என்ற இனிப்பு ஒயினுக்கு இத்தாலிய அரசின் தோற்றப்பெயர்ப் பாதுகாப்பு 1971 முதல் இருக்கிறது. அலெக்சாண்டிரியா மஸ்கட் அந்தத் தீவில் பிறந்ததல்ல, வெளியிலிருந்து வந்ததுதான். காற்றையும் வறட்சியையும் தாங்கும்படி அதை வளர்க்கக் கற்றவர்கள் அதைத் தங்கள் பழமாக ஆக்கிக்கொண்டார்கள். ஒரு பழத்துக்குச் சொந்த ஊர் எது என்பதை இந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

தமிழ்க் கடற்கரைக்குத் திராட்சைக் கொடி வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தீவு ஒயின் வந்துவிட்டது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945-இல் தோண்டியபோது மத்தியதரைக் கடல் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்விலும் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், கிரேக்கத்தின் கோஸ் தீவுச் சாடிகளும் அவற்றைப் பார்த்து இத்தாலியில் செய்த சாடிகளும் கணிசமாக இருப்பதைக் காட்டினார். இரண்டு மண் உருளைகளை ஒட்டவைத்ததுபோல் இருக்கும் கைப்பிடிதான் அடையாளம். கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பார்கள். நெடும்பயணத்தில் கெடாமல் இருக்க அது உதவியது. அந்த ருசிக்கு ரோமில் இருந்த கிராக்கியைப் பார்த்து, அதை வீட்டிலேயே எப்படிச் செய்வது என்று ரோமானிய எழுத்தாளர் கேட்டோ தன் வேளாண் நூலில் செய்முறையே எழுதிவைத்தார். முசிறிக்கு வந்த சரக்குகளில் ஒயினும் உண்டு, ஆனால் அதிகமில்லை என்கிறது எரித்திரேயக் கடல் பயணக் குறிப்பு. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாடல் யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைச் சொல்கிறது. அரசர்களின் கிண்ணத்துக்குச் சாடிச் சாடியாக வந்திறங்கிய சரக்கு அது. இங்கே யாரும் கொடி நட்டதற்குத் தடயம் இல்லை. அதற்கான தேவையும் இருந்திருக்காது. பனையும் தென்னையும் கள் கொடுத்துக்கொண்டிருந்த நாடு.

தேவை வந்தது கிறிஸ்தவ வழிபாட்டோடு. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சை ரசம் இல்லாமல் முடியாது. அது திராட்சைப் பழத்திலிருந்து இயல்பாக உண்டானதாக, கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். 1983-இல் வெளியான இன்றைய சட்டத் தொகுப்பிலும் 924-ஆம் விதியாக அது இருக்கிறது. சாந்தோமில் போர்ச்சுகீசியர் குடியேறி, 1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் அமைந்த காலத்தில் ரசம் கப்பலில்தான் வந்தாக வேண்டும். கப்பல் தவறினால், பீப்பாய் காடியாகிப் போனால், பூசைக்கே முட்டு. கடற்கரைப் பங்குகளுக்கே இந்த நிலை என்றால், உள்நாட்டில் மதுரை, சேலம் பக்கம் இருந்த பங்குத்தந்தைகளின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் வளாகத்தில் நாலு கொடி நட்டுப் பார்க்கலாம் என்று ஒரு சாமியாருக்குத் தோன்றியதில் வியப்பே இல்லை.

1832 வாக்கில் சேலம், மதுரை மாவட்டங்களுக்குக் கிறிஸ்தவ மறைப்பணியாளர்கள் திராட்சையைக் கொண்டுவந்தார்கள் என்று தோட்டக்கலை நூல்கள் எழுதுகின்றன. பன்னீரைக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுப் பாதிரியார் என்றும் சொல்லப்படுகிறது. பாதிரியார் பிரெஞ்சுக்காரர் என்பதற்கு வரலாறு இடம் கொடுக்கிறது. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பிறகு, பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையினர் 1776-இல் புதுச்சேரிக்கு வந்து தமிழ்நாட்டுப் பணியை ஏற்றார்கள். மதுரைக்கு இயேசு சபையினர் திரும்பி வந்தது 1830-களின் கடைசியில். 1832-இல் அந்தப் பகுதியில் இருந்த பாதிரியார் பாரிஸ் சபையைச் சேர்ந்தவராக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இடிப்பது பழத்தின் வயதுதான். மஸ்கட் ஹாம்பர்க்கை உருவாக்கியவர் இங்கிலாந்தின் பெட்ஃபர்ட்ஷயரில் ரெஸ்ட் பார்க் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் சீவர்ட் ஸ்னோ என்பது திராட்சை வரலாற்றாளர்கள் பொதுவாக ஏற்கும் செய்தி. கண்ணாடிக் கூடத்தில் பிளாக் ஹாம்பர்க் பூவுக்கு அலெக்சாண்டிரியா மஸ்கட்டின் மகரந்தத்தைச் சேர்த்து அவர் இதை உண்டாக்கியது 1850-ஐ ஒட்டி. அப்படியானால் 1832-இல் வந்த கொடி பன்னீராக இருக்க முடியாது. அந்த ஆண்டில் வேறொரு கொடி வந்திருக்க வேண்டும். அது அலெக்சாண்டிரியா மஸ்கட்டாகவே இருந்திருக்கலாம். பன்னீர் ஒரு தலைமுறையாவது தள்ளி, அதே மறைப்பணிப் பாதை வழியாகவோ, சென்னை மாகாணத்தின் ஆங்கிலேயத் தோட்டங்கள் வழியாகவோ வந்து, முந்தியதன் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். மரபில் சொல்லிவரும் தேதி கொடியின் வருகைக்கு உரியது, இந்த இனத்தின் வருகைக்கு உரியதல்ல என்பது என் கணிப்பு. தென்மாவட்டப் பழைய கோயில் வளாகங்களிலோ தோட்டங்களிலோ மூத்த கொடிகள் மிஞ்சியிருந்தால் அவற்றின் மரபணுவைப் பார்த்துவிடலாம். செலவு பெரிதல்ல. பந்தெல்லேரியாவின் மஸ்கட்டே வேறு பெயரில் நம் ஊரில் ஒளிந்திருக்கிறதா என்பதும் அப்போது தெரியவரும்.

எப்படி வந்திருந்தாலும் அதைப் பன்னீராக ஆக்கியது கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையின் சாரலும் காற்றும் மட்டுமே இந்தப் பக்கம் இறங்கும். 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இந்தப் பள்ளத்தாக்கில்தான் முதலில் விழுகிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று சாலை போகும் வழியெல்லாம் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்கள். தமிழ்நாட்டில் விளையும் மஸ்கட் வகையில் ஏறத்தாழ 85 சதவீதம் இங்கேதான். கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது.

திராட்சை குளிர்நாட்டுச் செடி. அங்கே இலையுதிர்த்து, குளிர்காலம் முழுக்கத் தூங்கி, வசந்தத்தில் விழித்து, ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும். கம்பத்தில் தூங்க வைக்கக் குளிர் இல்லை. விட்டால் கொடி இலையும் தழையுமாக ஓடிக்கொண்டே இருக்கும், காய்க்காது. கொடியை எழுப்புவது இங்கே கத்தரிக்கோல். கவாத்து என்பார்கள். அறுவடை முடிந்து சில வாரம் ஓய்வு கொடுத்து, முற்றிய கிளைகளை வெட்டுவார்கள். பன்னீருக்கு நான்கு மொட்டு விட்டு வெட்ட வேண்டும். நோஞ்சான் கிளை என்றால் ஒன்றோ இரண்டோ விட்டால் போதும், அடுத்த முறை காய்க்கத் தேறிவிடும். எந்தக் கிளை எந்த ரகம் என்று பந்தலுக்கு அடியில் அண்ணாந்து பார்த்தபடியே கணத்தில் முடிவெடுத்துக் கை வெட்டிக்கொண்டே போகும். அந்தக் கையில்தான் அடுத்த மூன்று, நான்கு மாதத்தின் விளைச்சல் அடங்கியிருக்கிறது. மார்கழி, தை வாக்கில் வெட்டினால் கோடை அறுவடை. வைகாசி, ஆனியில் வெட்டினால் மழைக்கால அறுவடை. இரண்டு ஆண்டில் ஐந்து போகம் எடுக்கிறவர்களும் உண்டு.

சந்தையில் ஒரே நாளில் பழம் குவிந்து விலை விழாமல் இருக்க, ஆளுக்கு ஒரு தேதியில் கவாத்து செய்கிறார்கள். அதனால் பள்ளத்தாக்கில் எந்த மாதம் போனாலும் ஒரு பந்தல் மொட்டையாக நிற்கும், பக்கத்துப் பந்தல் பூத்திருக்கும், அதற்கடுத்ததில் கொத்துக் கொத்தாகப் பழம் கறுத்துத் தொங்கும். திராட்சையின் நாட்காட்டியைச் செடியிடமிருந்து வாங்கி மனிதர் கையில் வைத்துக்கொண்ட இந்தத் தொழிலறிவு, பந்தெல்லேரியாவின் குழிக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. அங்கே காற்றை வென்றார்கள், இங்கே பருவத்தை. கம்பத்தின் கவாத்து இன்னும் எந்த மரபுப் பட்டியலிலும் இடம்பெறாதது எனக்கு வருத்தம்.

விளைச்சலுக்கு விலையும் உண்டு. மழை பெய்து வெயில் அடித்தால் அடிச்சாம்பல் நோய் ஒரு வாரத்தில் பந்தலைக் கருக்கிவிடும். போர்டோ கலவையும் மற்ற மருந்துகளும் இல்லாமல் ஒரு போகம் தாண்டாது. பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் மெல்லிய தோல் வெடித்துச் சாறு ஒழுகும். ஒரு நாள் லாரி தவறினால் கொத்திலிருந்து பழம் உதிர ஆரம்பிக்கும். விவசாயிக்குப் பேரம் பேச அவகாசமே இல்லாத பண்டம் இது.

சென்னையில் இந்தப் பழத்துக்குத் தின்பதைத் தவிர, ஜூஸைத் தவிர மூன்றாவதாக ஒரு பயன் உண்டு. சாந்தோமிலும், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த வேப்பேரி, பெரம்பூர், பரங்கிமலைப் பக்கங்களிலும் கிறிஸ்துமஸ் கேக்கோடு வீட்டு ஒயின் வைப்பது வழக்கம். செய்முறை வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்று. பழத்தைக் கழுவி, துடைத்து, ஈரமில்லாமல் உலர்த்தி, கையால் பிசைந்து பீங்கான் ஜாடியில் போடுவது. கிட்டத்தட்டச் சம எடை சர்க்கரை, கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. வாயில் துணி கட்டி இருட்டில் வைத்து, தினம் ஒரு தரம் மரக்கரண்டியால் கிளறுவது. இருபத்தொரு நாள் கணக்கு. பிறகு மெல்லிய துணியில் வடிகட்டி, நிறம் போதவில்லை என்றால் சர்க்கரையைக் கருக்கிச் சேர்ப்பது. கடைசியில் சொன்ன அந்தக் கருக்கிய சர்க்கரை முக்கியமான தடயம். பன்னீருக்கு நிறம் குறைவு என்பதை இந்த வீடுகளின் பெண்கள் ஆய்வுக்கூடம் இல்லாமலே கண்டுபிடித்துப் பரிகாரமும் செய்திருக்கிறார்கள். சர்க்கரை அளவும் அப்படித்தான். இந்தப் பழத்துக்கு இனிப்பில்லாத ஒயின் பொருந்தாது, இனிப்புதான் பொருந்தும் என்ற முடிவு அந்த ஜாடிக்குள் இருக்கிறது.

சட்டப்படி இதற்கு இடம் இல்லை. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் 1937 அக்டோபர் 1 அன்று முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. மதுவிலக்குப் பல முறை தளர்ந்து, இறுகி, மறுபடி தளர்ந்தபோதும், அந்தச் சட்டம்தான் இன்றும் அடித்தளம். உரிமம் இல்லாமல் மது உண்டாக்குவது குற்றம்; வீட்டு ஜாடிக்கு என்று தனி விலக்கு இல்லை. திருப்பலிக்கான மாஸ் ஒயினுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. கொடி இந்த நாட்டுக்கு வந்த காரணத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது, அதைத் தாண்டி அந்தக் கொடியிலிருந்து பிறந்த சமையலறை மரபை அது கணக்கில் எடுக்கவில்லை.

பன்னீரில் முறையான ஒயின் செய்தால் எப்படி இருக்கும்? எதிர்வாதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவில் மஸ்கட் ஹாம்பர்க்குக்கு ஒயின் திராட்சை என்ற மதிப்பு பெரிதாக இல்லை. சாப்பாட்டு மேசைப் பழம் என்றே வைத்திருக்கிறார்கள். காரணம் நியாயமானது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் வரும். கெட்டியான சிவப்பு ஒயினுக்கு 22 முதல் 24 பிரிக்ஸ், அதாவது சாற்றின் எடையில் ஏறத்தாழ அத்தனை சதவீதம், சர்க்கரை வேண்டும். பந்தலில் ஏராளமாகக் காய்க்கும் பன்னீர் 18-ஐத் தொடுவதே பெரிய காரியம். அதை முழுக்கப் புளிக்க வைத்தாலும் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். தோலில் நிறமும் துவர்ப்பும் குறைவு. இரவிலும் வெக்கை தணியாத ஊரில் பழத்தின் புளிப்பும் சீக்கிரம் கரைந்துவிடும். சர்க்கரையைக் கொட்டி, நிறம் சேர்த்து, போர்ட் ஒயின் என்று பெயர் ஒட்டி விற்கும் பழக்கம் இந்தியாவில் இந்தக் குறைகளை மறைக்கவே வளர்ந்தது. கம்பம் பகுதியில் ஒயின் ஆலை வந்த பின்னும் பன்னீருக்கென்று ஒரு பெயர் எழும்பவில்லை.

குறை என்று எண்ணியதை வேறு கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மால்டாவின் சிவப்புத் திராட்சை ஜெல்லெவ்ஸாவும் வெள்ளை ஜிர்ஜெந்தினாவும் அந்தத் தீவுக்கே உரியவை. நிறைய காய்க்கும், சர்க்கரை குறைவு. பகுதிநேர விவசாயிகள் சிறு துண்டு நிலங்களில் வளர்ப்பவை. கிட்டத்தட்டப் பன்னீரின் ஜாதகம். 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் வெளிநாட்டு ஒயினுக்கு எதிரான வரிப் பாதுகாப்பு போய், 316 சதுர கிலோமீட்டர் நாடு பிரான்ஸோடும் இத்தாலியோடும் நேரடியாகப் போட்டி போட வேண்டியதாயிற்று. அங்குள்ள ஆலைகள் ஜெல்லெவ்ஸாவில் கனத்த சிவப்பைத் தேடுவதோடு நிற்கவில்லை. லேசாக நுரைக்கும் இளஞ்சிவப்பு ஒயினை அதிலிருந்து செய்தார்கள். பழம் எதற்கு ஒத்துழைக்கிறதோ அந்த வழியில் போனார்கள்.

பன்னீரையே எடுத்துக்கொண்டவர்கள் சீனர்கள். பினாங்கிலும் டச்சு இந்தியத் தீவுகளிலும் வணிகம் செய்து செல்வம் சேர்த்த ஜாங் பிஷி 1892-இல் யான்டாயில் தொடங்கிய சாங்யூ நிறுவனம் ஐரோப்பியக் கொடிகளை இறக்கியது. அந்த வழியில் மஸ்கட் ஹாம்பர்க் வட சீனத்தில் வேர்பிடித்தது. 1980-இல் ரெமி மார்ட்டான் நிறுவனத்தோடு சேர்ந்து தியான்ஜினில் தொடங்கிய டைனஸ்டி ஆலை இந்தக் கறுப்புப் பழத்திலிருந்து வெள்ளை ஒயின் செய்தது. தோலைச் சாற்றோடு ஊறவிடாமல் உடனே பிழிந்து பிரித்துவிட்டால் நிறம் இறங்காது. மணமுள்ள, சற்றே இனிப்பான வெள்ளை ஒயின் கிடைக்கும். நிறம் இல்லை என்ற புகாரே அங்கே எழ வழியில்லை. கிரேக்கத்தின் திர்நாவோஸில் இதே பழத்தைக் காய்ச்சி வடித்து மணமுள்ள சிப்புரோ எடுக்கிறார்கள்.

கம்பத்துக்கு எனக்குப் பொருத்தமாகத் தெரிவது இத்தாலியின் ஆஸ்டி வழி. அங்கே மஸ்கட் சாற்றைக் குளிர்ச்சியில் மெதுவாகப் புளிக்க வைத்து, ஆல்கஹால் ஐந்து சதவீதத்தை ஒட்டி வந்ததும் கடுங்குளிரூட்டி ஈஸ்டை நிறுத்தி, வடிகட்டிவிடுகிறார்கள். மீதிச் சர்க்கரை இனிப்பாகத் தங்குகிறது. புளிக்கும்போது எழுந்த வாயு கொஞ்சம் உள்ளேயே நின்று நாக்கில் சுரீரென்கிறது. இந்த முறைக்கு 24 பிரிக்ஸ் தேவையில்லை, துவர்ப்பு தேவையில்லை. கருநிறமும் தேவையில்லை. தேவை மணம் ஒன்றுதான். அது பன்னீரிடம் தாராளமாக இருக்கிறது. மணத்தைக் காப்பாற்றக் குளிரூட்டும் எஃகுத் தொட்டி வேண்டும். முப்பது டிகிரி அறை வெப்பத்தில் பொங்கிப் புளித்தால் ரோஜா மணம் வாயுவோடு பறந்துவிடும். வீட்டு ஜாடிகளில் நடக்கும் இழப்பும் இதுதான். கோடை அறுவடைப் பழத்தைப் பந்தெல்லேரியாபோல் வெயிலில் வாட்டிப் பார்ப்பதும் முயற்சிக்கு உரியது. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சின்ன அளவில் இந்த இரண்டையும் சோதித்துப் பார்க்க அதைவிடத் தோதான இடம் இல்லை.

தொழில்நுட்பத்தைவிடக் கடினம் கணக்கு. பன்னீருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன் விளைச்சல் என்பது பல்கலைக்கழகம் சொல்லும் அளவு. தரமான ஒயினுக்கு வளர்க்கும் ஐரோப்பியத் தோட்டங்களில் இதில் மூன்றில் ஒரு பங்குகூட எடுப்பதில்லை; கொத்துகளை வெட்டி எறிந்து, மிஞ்சியவற்றில் இனிப்பும் மணமும் சேர விடுகிறார்கள். கம்பத்து விவசாயி பாதிக் கொத்தை உதிர்க்க வேண்டுமென்றால் மீதிக்கு இரட்டை விலை நிச்சயமாக வேண்டும், அதுவும் கவாத்துக்கு முன்பே எழுத்தில் வேண்டும். கறுத்துவிட்டது என்று அவசரமாக அறுக்காமல் இன்னும் பத்து நாள் கொடியில் விடச் சொன்னால், அந்தப் பத்து நாளில் மழை வந்தால் யார் பொறுப்பு என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை இல்லாத எந்த ஒயின் திட்டமும் விவசாயியின் தலையில்தான் விடியும்.

மகாராஷ்டிரம் 2001-இல் தனி ஒயின் கொள்கை வகுத்துக் கலால் சலுகை கொடுத்தது. நாசிக்கில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சூலா நிறுவனம் கொடி நட்டிருந்தது. கர்நாடகம் 2007-இல் தன் கொள்கையை அறிவித்து, ஒயினுக்கென்று ஒரு வாரியமும் வைத்தது. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுக்கவே தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். குடியால் சிதைந்த வீடுகள் இல்லாத தெரு இந்த மாநிலத்தில் அரிது. அந்த வீட்டுப் பெண்கள் பட்டதைச் சின்னதாக்கிப் பேசும் எந்த வாதமும் எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் 1983-இல் தொடங்கி 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்ட டாஸ்மாக் வழியாக 42.8 சதவீத ஆல்கஹால் கொண்ட பிராந்தியும் ரம்மும் மாநிலம் முழுக்க விற்பனையாகின்றன. அவற்றுக்கும் கம்பத்து மண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஐந்து சதவீத ஆல்கஹாலில் நிறுத்திய, பழத்தைத் தவிர வேறெதுவும் சேராத, எந்த ஊர் எந்தத் தோட்டம் என்று சொல்லி விற்கக்கூடிய ஒயினை அந்த வரிசையில் வைத்து அதே அளவுகோலால் அளப்பது சரியில்லை. உரிமக் கட்டணமும் தீர்வையும் ஆல்கஹால் அளவை ஒட்டி ஏறி இறங்க வேண்டும். சிறு விவசாயிகளின் கூட்டுறவு தாங்கும் அளவுக்குக் கீழ்ப்படி ஒன்று வேண்டும். பெரிய ஆலை ஒன்று வந்து பள்ளத்தாக்குப் பழம் முழுவதையும் அடிமாட்டு விலைக்கு எடுப்பதைவிட, ராயப்பன்பட்டியில் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு தொட்டி வைப்பது நல்லது.

2023-இல் கிடைத்த குறியீடு பழத்துக்கு மட்டுமானது. பழத்தின் பெயரைக் காப்பாற்றும், பழத்திலிருந்து ஆகும் பண்டத்துக்கு வராது. ஒயினுக்கோ, அதற்கு முன்னால் சாற்றுக்கோ காடிக்கோ, இன்ன மொட்டளவுக் கவாத்து, இவ்வளவு டன்னுக்கு மேல் விளைச்சல் கூடாது, இத்தனை பிரிக்ஸுக்குக் குறைந்தால் அறுக்கக் கூடாது என்று விவசாயிகளே கூடி விதி எழுதிப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். புளிக்க வைக்காத சாறு மதுவிலக்குச் சட்டத்துக்குள் வராதது. அதில் தொடங்கினால் மது உரிமத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தைக் கவாத்திலேயே ஒரு பந்தலில் பாதிக் கொத்தை உதிர்த்துப் பார்த்துவிடலாம்.